மருமகளுக்குத் தீட்டு வரணும்னு வேண்டினேன்

போன தை மாசம் நான் உடைஞ்சு போயிட்டேன். மூணாம் வகுப்போட நின்னு, தேயிலைத் தோட்டத்துல கொழுந்துக் கூடை சுமந்து, இன்னைக்குக் கந்தப்பளை டவுன்ல ரெண்டு மரக்கறிக் கடையும் சொந்த லொறியும் வச்சிருக்கிறவ நான். எந்தத் தோட்டத்துத் துரைக்கும் தலை குனிஞ்சதில்ல. அந்த நானே மாரியம்மன் கோயில் வாசல்ல உக்காந்து வாய்விட்டு அழுதேன்.

காரணம் என் மருமக சுகந்தி. கட்டி வந்து ஆறு வருசம், பிள்ளை இல்ல. எங்க வீட்டு வழக்கம், தீட்டு நாள்ல மூணு நாள் தனிப் பாய். அவளும் மாசாமாசம் பாயை எடுத்துக்குவா. "நாளெல்லாம் ஒழுங்காத்தான் வருது"ன்னு நானே ஊருக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

என் நாத்தனார் சும்மா இருப்பாளா? "அண்ணி, அவளைப் பொகவந்தலாவைக்கே, அவ தாய்வீட்டுக்கே திருப்பி அனுப்புங்க. பையனுக்கு வேற பொண்ணு பாப்போம்."

"என் வீட்டுப் பிள்ளைய அனுப்ப நீ யாருடி?"ன்னேன். வாயிலதான் வீம்பு. உள்ளுக்குள்ள பயம்.

தாயே, வழி காட்டுன்னு நாப்பத்தெட்டு நாள் விளக்குப் போட்டேன். கடைசி நாள், கடைக்கு வந்த டீச்சரம்மா தானாவே சொன்னாங்க, நுவரெலியாவுல அக்குபங்சர் பாக்கிற ஒரு சிங்கள டொக்டரம்மாவைப் பத்தி; நோனான்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்களாம். யார் சொல்ல வச்சது? என் தாய்தான்.

நோனா நாடி பார்த்தாங்க, நாக்கைப் பார்த்தாங்க. "கடைசியா எப்ப வந்துச்சு?"

நான் முந்திக்கிட்டேன். "போன வெள்ளிக்கிழமை."

"உங்ககிட்ட கேக்கல அம்மா."

சுகந்தி சுவரைப் பார்த்துக்கிட்டே சொன்னா, "ஏழு மாசமா வரல."

"அப்ப பாய்ல படுத்தது?"

"சும்மாதான் மாமி. முன்ன ஒருக்கா நாள் தள்ளினதும் நீங்க லயத்துல உள்ள வீடு பூரா கல்கண்டு குடுத்துட்டீங்க. ஒண்ணுமில்லன்னு ஆனப்ப எல்லாரும் என்னைத்தானே ஏசினாங்க. அதுக்கப்புறம் வரலன்னு எப்படிச் சொல்லுவேன்?"

நான் நாற்காலியை இழுத்து அவ பக்கத்துல போட்டுக்கிட்டேன்.

வாரம் ஒருக்கா ஊசி. மயிர் மாதிரி மெல்லிசு. காலுல, கையில, அடிவயித்துல. அவங்க அனுப்பின ஆஸ்பத்திரியில ரத்தம் சோதிச்சுக் குடுத்த மாத்திரையையும் விடக்கூடாதுன்னு நோனா கண்டிப்பாச் சொன்னாங்க. நான் வேண்டுதலை மாத்தினேன். "தாயே, பேரப்பிள்ளை அப்புறம். இவளுக்கு வர வேண்டியது முதல்ல வரட்டும்."

வந்துச்சு! மூணாம் மாசம், திருவிழாவுல கரகம் வர்ற அன்னைக்குக் காலையில. நான் போட்ட சத்தத்துல அக்கம்பக்கமே ஓடி வந்துச்சு.

நாத்தனார் தலையில கை வச்சா. "ஐயோ, நல்ல நாளும் அதுவுமா! மூலையில உக்கார வைங்க."

"தாய் குடுத்த வரத்தை எவடி மூலையில வைப்பா?"

கரகம் வாசலுக்கு வந்தப்ப சுகந்தி கையாலயே மஞ்சத்தண்ணி ஊத்த வச்சேன். கோயில் கமிட்டிக்காரங்க முறைச்சாங்க. முறைக்கட்டும். என் தாய் முறைக்கல.

இப்ப அஞ்சு மாசமா நாள் தவறல. பிள்ளை இன்னும் தங்கல. அப்புறம் தாயோட அருளுக்கு என்ன சாட்சின்னு கேக்கிறீங்களா? என் பிள்ளை சுகந்தி பொய் சொல்லாம, வயிறார சாப்பிட்டு, சிரிச்சுக்கிட்டு இருக்கா. இது போதாதா?

மாமியாமாரே, தாயை நம்புங்க. நம்பிட்டு, உங்க மருமகளை அவ வாயாலயே சொல்ல விடுங்க. பிள்ளை தங்கினாலும் தங்காட்டியும் சுகந்தி என் வீட்டு மருமக. அதை மாத்தச் சொல்லிக்கிட்டு எவரும் என் வாசப்படி ஏற வேணாம்.