சொட்டு நீலம்

தோல் ஊறும் நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவள் சோபனா. ஆம்பூரில் அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடுவது தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தண்ணீர். அந்த வாடையிலேயே வயிறாரச் சாப்பிட்டு எம்.எஸ்சி. முடித்தவளுக்குச் சுலபத்தில் குமட்டாது. அவளுக்கே குமட்டியதென்றால் அது சாதாரண அசிங்கமில்லை.

நெடுஞ்சாலையோரத் தனியார் கல்லூரி ஒன்றில், பேராசிரியர் நவநீதனிடம் அவளுக்கு ஆராய்ச்சி வேலை. சர்க்கரை நோய்க்காரர்கள் மெல்லும் சிறுகுறிஞ்சான் இலையை நறுக்கி, புது மரபணுவைச் சுமக்கும் பாக்டீரியாவில் நனைத்து, கண்ணாடிப் புட்டிக்குள் வேர் விட வைக்க வேண்டும். அப்படி வரும் வேரில் மருந்துச் சத்து அதிகமாக ஊறும் என்பது நம்பிக்கை. மரபணு உள்ளே போனதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சோதனைத் திரவத்தில் போட்டால் மரபணு ஏறிய வேர் நீலமாகும், ஏறாதது வெளுத்தே கிடக்கும். சோபனாவின் வேர்கள் இரண்டு வருஷமாக வெளுத்தே கிடந்தன. பாதிப் புட்டிகளில் பூஞ்சை பிடிக்கும். மீதியில் பாக்டீரியா பொங்கி, சளி மாதிரி கொழகொழவென்று மூடிக்கொள்ளும். எல்லாவற்றையும் கழுவிக் கொட்டிவிட்டு மறுபடி இலை நறுக்குவாள். அதில் அவளுக்கு அருவருப்பே வந்ததில்லை.

ஆராய்ச்சியைப் பார்வையிடக் கமிட்டி வருகிற நாள். காலையில் வந்து பார்த்தால் சோதனைத் தட்டில் வேர்களெல்லாம் நீலம்! சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் போடப் போன சோபனா பக்கத்துத் தட்டைப் பார்த்து நின்றாள். அதில் இருந்தவை மரபணுவே ஏற்றாத சாதா வேர்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த 'கன்ட்ரோல்'. அவையும் நீலம். கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றினாள். நிஜமான நீலம் ஸ்பிரிட்டில் போகாது. இது மலிவுச் சேலையின் சாயம் மாதிரி கரைந்து ஓடியது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் சோறாவது நிறையப் போடுவார்கள். நவநீதனுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

"சொட்டு நீலம்தாம்மா, துணிக்குப் போடறது," என்றார், அவள் போய்க் கேட்டதும் சிரித்துக்கொண்டே. "கமிட்டிக்கு நீலம் வேணும், அவ்ளோதான். அடுத்த வருஷம் நிஜமாவே வந்துடும்."

"கன்ட்ரோலையும் நனைச்சிட்டீங்களே சார்!"

"அத யாரு பாக்கப் போறா? உன் பி.எச்டி. பதிவு என் கையெழுத்துல இருக்கு. பேஜார் பண்ணாம பக்கத்துல நில்லு, போதும்."

இரண்டு வருஷம் கழுவிய புட்டிகள் எல்லாம் அவள் தொண்டையில் வந்து நின்றன. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

கமிட்டியில் மூன்று பேர். மூத்தவர் நரைத்த தலை, சாந்தமான முகம். "கன்ட்ரோல் எங்கம்மா?" என்று அவர்தான் கேட்டார். அப்பாடா, மனுஷர் ஒருவர் வந்தார் என்று சோபனாவுக்கு உயிர் வந்தது. இரண்டு தட்டையும் எடுத்து வைத்து, அவர் கண்முன்னால் ஸ்பிரிட்டை ஊற்றினாள்.

"ரெண்டும் நீலம் சார். ரெண்டும் கரையுது பாருங்க. இது ஜீன் இல்ல, துணிக்குப் போடற நீலம்."

நவநீதன் முகத்தில் ஈயாடவில்லை. மூத்தவர் குனிந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் கண்ணில் தெரிந்தது. பிறகு நிமிர்ந்து நவநீதனிடம் சொன்னார்: "சின்னப் பொண்ணு, பயந்திருக்கா. பிரியாணி வந்துட்டதா? ஆறிடப் போவுது."

சாப்பிட்டார்கள். எலும்பை உறிஞ்சி, கத்தரிக்காயை வழித்து, ஏப்பம் விட்டுச் சாப்பிட்டார்கள். அப்புறம் படம் எடுக்க வரிசையாக நின்றார்கள். புதிதாகச் சாயம் போட்ட ஒரு தட்டை எண்ணெய் மின்னும் விரலால் நவநீதன் அவளிடம் நீட்டினார். மூத்தவர் பல்லைக் குத்திக்கொண்டே, "நடுவுல நில்லும்மா," என்றார். சோபனா தட்டைத் தொடவில்லை.

"நீங்க கலந்த நீலம், நீங்களே புடிங்க சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அத்தோடு பி.எச்டி. போயிற்று. ஆராய்ச்சிக் கட்டுரை வேறொருத்தி பெயரில் வெளிவந்தது. "ஒரு போட்டோதானே, புடிச்சித் தொலைச்சிருக்கலாம்ல," என்று அம்மா நாள் தவறாமல் புலம்பினாள். அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறவள். அவளே சொல்லி, அங்கே தோல் பரிசோதனை செய்யும் இடத்தில் மகளைச் சேர்த்துவிட்டாள்.

சேர்ந்த வாரமே ஒரு கறுப்புத் தோலை வெள்ளைத் துணியால் தேய்த்தபோது துணி கறுத்துவிட்டது. அவசர ஏற்றுமதிக்கான சரக்கு. என்ன கிடைக்கப் போகிறதோ என்று பயந்துகொண்டே மேனேஜர் சர்தார் பாஷாவிடம் துணியைக் காட்டினாள். அவர் ஒரு தடவைதான் பார்த்தார்.

"சாயம் ஒட்டுது. மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பும்மா. இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்கு?"

சோபனாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆத்திரத்தில். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"கால்ல போடறதுல சாயம் போனா வேணாங்கறாங்கம்மா," என்றாள். "வாயில போடற மருந்துக்கு சாயம் பூசித்தான் குடுன்னாங்க."

அம்மா அதன்பிறகு அந்தப் போட்டோ பேச்சை எடுக்கவில்லை.