பினாங்கில் இரண்டாவது ஸ்லாட்டை அணைத்தபோது

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஈப்போவிலிருந்து பினாங்குக்குக் கிளம்பினேன். கல்யாணப் படம் எடுக்கும் வேலை. வாரநாட்களில் அலுவலகம், சனி ஞாயிறில் கேமரா என்று ஒன்பது வருடமாக ஓடுகிறது. இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் பலர் ஜார்ஜ் டவுனுக்குக் கேமராவோடு போக நினைப்பவர்கள் என்பது நீங்கள் அனுப்பும் கேள்விகளிலேயே தெரியும். வழி, செலவு எல்லாம் சொல்கிறேன். கூடவே நான் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும்.

மணப்பெண் பெயர் எமிலி, மாப்பிள்ளை சேவியர். இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. ஜுருவில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும்போது பழக்கமானவர்கள். எமிலி பள்ளியில் மலாயில்தான் படித்தார், அதனால் செய்தியும் மலாயில்தான் அனுப்புவார். முதல் செய்தியிலேயே தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டார். "மற்றவர்கள் கல்யாணத்தில் மணப்பெண் பேசுவது வீடியோவில் கேட்கும். நான் கையால் பேசுகிறவள். சர்ச்சில் நான் கொடுக்கும் உறுதிமொழி, சைகை சைகையாகப் படமாக வேண்டும். வரிசையாகச் சுவரில் மாட்டப் போகிறேன்." வீடியோவும் உண்டாம். ஆனால் உறவினர் ஒருவர் பின்னால் மாடியிலிருந்து எடுப்பதால் எமிலியின் முதுகுதான் விழும்.

ஈப்போவில் மதியம் 1.40 ரயில், பட்டர்வொர்த்தில் 3.35. டிக்கெட் 46 வெள்ளி, அதாவது ரிங்கிட். நிலையத்திலிருந்து ஃபெரிக்கு நடைபாலம் உண்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு பத்து நிமிடம். ஃபெரிக்கு 2 வெள்ளி. ரொக்கம் வாங்கவில்லை, வங்கி அட்டையைத் தட்டச் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் அக்கரை. படகில் உப்புக் காற்று பலமாக அடிக்கும், லென்ஸ் மாற்ற வேண்டாம். இறங்குதுறையிலிருந்து சூலியா தெருவுக்கு நடந்தே போனேன். ஒரு கடைக்கு மேல்மாடியில் அறை, இரவுக்கு 118 வெள்ளி. சுத்தமாக இருந்தது, ஆனால் லிஃப்ட் கிடையாது. கீழே கடையில் நாசி கண்டார் சோறு, கோழியும் வெண்டைக்காயும் சேர்த்து 13 வெள்ளி.

இனி கேமரா. தொழில்முறைக் கேமரா என்றால் மெமரி கார்டுக்கு இரண்டு ஸ்லாட் இருக்கும். ஒரே படத்தை இரண்டிலும் எழுதச் சொல்லலாம். ஒன்று கெட்டால் மற்றது கை கொடுக்கும். என்னுடையதிலும் இரண்டு உண்டு, ஆனால் இரண்டும் ஒரே வகை இல்லை. முதலாவதில் புதுவகை வேகக் கார்டு, இரண்டாவதில் எல்லோரும் வைத்திருக்கும் எஸ்டி கார்டு. இரண்டிலும் எழுதும்போது கேமரா மெதுவான கார்டுக்காகக் காத்திருக்கும். தனித்தனியாக எடுத்தால் தெரியாது. விநாடிக்குப் பன்னிரண்டு என்று தொடர்ந்து எடுத்தால், கொஞ்ச நேரத்தில் கேமராவின் உள்நினைவகம் நிரம்பி ஷட்டர் மக்கர் பண்ணும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று மட்டும் அளந்து பார்த்ததில்லை. வெள்ளி மாலை முழுக்கச் சும்மாதான் இருந்தேன், அப்போதாவது பார்த்திருக்கலாம்.

சனிக்கிழமை சர்ச்சில் பூசை பத்தரைக்கு. பீடத்துக்குப் பக்கத்தில் எமிலியின் அக்கா மார்த்தா நின்றார். பாதர் பேசுவதைச் சைகையிலும், இவர்கள் கையால் சொல்வதைச் சபைக்குத் தமிழிலும் சொல்வது அவர் வேலை. முதலில் சேவியர் ஆரம்பித்தார். நானும் தொடர்ந்து எடுத்தேன். ஒன்பது விநாடி போயிருக்கும். "இன்பத்திலும் துன்பத்திலும்" என்று மார்த்தாவின் குரல் கேட்டது, ஷட்டர் நின்றுவிட்டது. அழுத்தினால் ஒன்று எடுக்கும், மறுபடி நிற்கும்.

அடுத்தது எமிலி. மெனுவைத் திறந்து இரண்டாவது ஸ்லாட்டை அணைத்தேன். நாலு விநாடி வேலை. கேமரா உடனே பறக்க ஆரம்பித்தது. சேவியரின் மிச்சம், பிறகு எமிலி முழுவதும், மோதிரம் மாற்றியது எல்லாம் ஒரு தடங்கலில்லாமல் எடுத்தேன். எமிலியின் கைகளை வ்யூஃபைண்டரில் பார்த்துக்கொண்டிருந்தபோது, இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. விநாடிக்குப் பன்னிரண்டு என்பதை ஐந்தாகக் குறைத்திருந்தாலே போதும். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. கால் மணி நேரம் கழித்து ஸ்லாட்டை மறுபடி போட்டேன்.

விருந்து மண்டபத்தில், ஒன்று இருபதுக்கு, மூலையில் உட்கார்ந்து வேகக் கார்டை மடிக்கணினியில் போட்டேன். ஒன்றும் வரவில்லை. கேமராவில் திரும்பப் போட்டால், கார்டை அழித்துப் புதிதாகத் தயார் செய்யட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தி, கார்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். வேறு கார்டு போட்டு வேலையைத் தொடர்ந்தேன். பிரியாணி பரிமாறும் படங்களில் முதல் பத்து ஆடித்தான் இருக்கிறது.

மார்த்தா தட்டோடு வந்தார்.

"அக்கா, இன்னும் சாப்பிடலயா? முகமே சரியில்ல. எமிலி ரெண்டு தடவ கேட்டுட்டா, அந்த அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு."

"கார்டு ஒன்னு போச்சு, மார்த்தா. உறுதிமொழி எடுத்த கார்டு."

"பேக்கப் இருக்கும்லா?"

"அதத்தான் ஆஃப் பண்ணிட்டேன்."

அவர் தட்டை மேசையில் வைத்தார். "இப்ப சொல்லாதீங்க. கேக் வெட்டட்டும், அப்பா அம்மா கெளம்பட்டும். சாயந்தரம் நான் கூட நிக்கிறேன். நீங்களே சொல்லுங்க."

காத்திருந்தேன். அது சரிதானா என்று இன்னும் எனக்குத் தெரியாது. நாலு மணி நேரம் அவர்கள் இருவரையும் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன்.

ஐந்தரைக்குப் பாடாங் கோத்தா லாமாவில், கடலோரச் சுவருக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். சனிக்கிழமை என்பதால் கூட்டம், பட்டம் விடுகிற பிள்ளைகள், இளநீர் வண்டி. நான் பேசப் பேச மார்த்தாவின் கைகள் அசைந்தன. எமிலி மார்த்தாவைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். பிறகு அவர் கைகள் வேகமாக எழுந்தன. மார்த்தா அதே வேகத்தில் சொன்னார்: "அவரோடது பாதியாவது இருக்கு. என்னோடது ஒன்னுகூட இல்லையா?"

"இல்ல," என்றேன். "கடையில குடுத்துப் பாக்கிறேன். கிடைக்கும்னு சொல்ல முடியாது."

"ஏன் நிறுத்துனீங்க?"

"உங்க கை ஒன்னையும் விட்டுடக் கூடாதுன்னு."

பாதரைக் கேட்டு நாளைக்கு மறுபடியும் எடுக்கலாமா என்றும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒரு தடவ சொல்லியாச்சு," என்று மார்த்தா வழியாக வந்தது பதில். "கேமராவுக்காக இன்னொரு தடவ சொன்னா அது நடிப்பு."

எமிலி கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாகத் தனியே நடந்து போனார். சேவியர் பின்னால் போகப் பார்த்தார், மார்த்தா தடுத்துவிட்டார். பத்து நிமிடம் மூவரும் நின்றோம். சேவியர் போனில் தட்டிக் காட்டினார்: "என்னுடையது எங்கே நின்றது?" எஸ்டி கார்டில் இருந்ததைக் காட்டினேன். கடைசிப் படம்வரை தள்ளிப் பார்த்துவிட்டு, கையால் ஏதோ சொன்னார். "உடல்நலத்திலும் நோயிலும்னு சொன்னது இதுல இல்லயாம். அவளுக்குக் காய்ச்சல் வந்தா அவளே பாத்துக்கட்டுமாம்," என்றார் மார்த்தா. சேவியர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். என்னால் முடியவில்லை.

ஆறரைக்கு ஒரு கணினிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கார்டை மூன்று கருவிகளில் போட்டுப் பார்த்தார். உள்ளே இருக்கும் சில்லு பேசவே இல்லை, கோலாலம்பூருக்கு அனுப்பலாம், மூன்று வாரம் ஆகும், நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். அனுப்பச் சொன்னேன். வெளியே வந்து நிற்கும்போது எமிலியிடமிருந்து செய்தி. "உங்கள் ரயில் எத்தனை மணிக்கு?" நாளை மதியம் 2.15 என்றேன். "காலை ஒன்பதுக்கு வீட்டுக்கு வாருங்கள். பசியாறலாம்." பின்னாலேயே இன்னொன்று: "கேமராவும் கொண்டு வாருங்கள்."

ஞாயிறு எட்டு மணி ஃபெரி காலியாக இருந்தது. பட்டர்வொர்த் கரையில் இறங்கி பாகான் டாலாமுக்குக் கார் எடுத்தேன், 7 வெள்ளி. ஓட்டுநர் தமிழர். பையைப் பார்த்துவிட்டு, "கல்யாண வீடாம்மா?" என்றார்.

"நேத்து முடிஞ்சது அண்ணே. இன்னிக்கு வீட்ல எடுக்கப் போறேன்."

"முடிஞ்சப்பறம் என்னத்த எடுக்கிறது?"

எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன்.

சேவியரின் வீட்டில் இருவர் மட்டும்தான் இருந்தார்கள், மற்றவர்கள் ஞாயிறு பூசைக்குப் போயிருந்தார்கள். மார்த்தாவும் இல்லை. எமிலி போனில் எழுதிக் காட்டினார்: "நாங்கள் கேமராவைப் பார்க்க மாட்டோம். நீங்கள் பாட்டுக்கு எடுங்கள்." இரண்டு ஸ்லாட்டும் ஓட, விநாடிக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டு சமையலறைக் கதவோரம் நின்றேன்.

சமைத்துக்கொண்டே கையால் பேசுவது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் பார்த்தேன். ஒரு வார்த்தைக்குக் கத்தியை வைக்க வேண்டும், கரண்டியை வைக்க வேண்டும். உப்பு கேட்கச் சேவியர் இரண்டு கையையும் கழுவினார். எமிலி முட்டையைத் திருப்பிக்கொண்டே முழங்கையால் அவரை இடித்துக் கூப்பிட்டார். பாதிப் பேச்சு புருவத்திலேயே நடந்தது. நேற்றைய கோபம் போய்விட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்குத் தேநீர் கொடுத்தபோது எமிலி சிரிக்கவில்லை.

ஒன்பதே முக்கால் இருக்கும். எமிலி அடுப்பை அணைத்தார். துண்டில் கையைத் துடைத்தார். சேவியரின் தோளைத் தொட்டுத் திருப்பி, நிதானமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கால் நிமிடத்துக்குக் குறையாது. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். சைகைக்கும் சைகைக்கும் நடுவே சில விட்டுப் போயிருக்கும். சேவியர் பதில் சொல்லக் கையைத் தூக்கினார், கையில் வெங்காயம் இருந்தது. அதைக் கீழே வைக்க இடம் தேடிவிட்டு, கடைசியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது போனில் கேட்டேன்: "என்ன சொன்னீர்கள்? படங்களுக்குக் கீழே எழுத வேண்டுமா?"

எமிலி படித்துவிட்டு எழுதினார். "வேண்டாம். அது அவருக்குச் சொன்னது."

மூன்று வாரம் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து பதில் வந்தது. ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. அதை மறைக்காமல் அன்றைக்கே எமிலிக்கு அனுப்பினேன். "சரி" என்று ஒரு சொல்தான் வந்தது.

கேமராவோடு போகிறவர்களுக்கு. இரண்டு ஸ்லாட் என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டும் ஒரே வகைக் கார்டு வாங்குமா என்று கேளுங்கள். வாங்காது என்றால், உங்களிடம் உள்ள கார்டுகளோடு எத்தனை விநாடி தாங்கும் என்று வீட்டிலேயே அளந்துவிடுங்கள். வேகம் போதவில்லையா, எண்ணிக்கையைக் குறையுங்கள், பிரதியை நிறுத்தாதீர்கள். ஒரே ஸ்லாட் உள்ள கேமராவோடு நாலு நாள் ஊர் சுற்றப் போவதில் தப்பில்லை, தினமும் மாலை அறையில் நகல் எடுத்தால் போதும். அடுத்தவர் கல்யாணத்துக்கு அதைக் கொண்டு போகாதீர்கள். கெட்டுப்போன கார்டை அழிக்கட்டுமா என்று கேமரா கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்று நாளைக்கு எனக்கு ஆன செலவு சாப்பாடு, அறை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 450 வெள்ளிக்குள். ஞாயிறு திரும்புகிறவர்கள் ரயில் டிக்கெட்டை முன்னமே எடுத்துவிடுங்கள்.

போன வாரம் எமிலி ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர்கள் வீட்டுக் கூடம். ஒரு சுவரில் சேவியர், இருபத்துநாலு சட்டத்தில், வாக்கியத்தின் பாதியில் நிற்கிறார். எதிர்ச் சுவரில் சமையலறை உடுப்பில் எமிலி, முப்பத்திரண்டு சட்டத்தில். அந்த முப்பத்திரண்டும் என்னிடமும் இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. மார்த்தாவிடம் காட்டினால் எமிலி என்ன சொல்லியிருக்கிறார் என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார். நான் கேட்கவில்லை.