வானம் அளக்கும் கண்ணாடி

பிள்ளைகளா, அப்பா பீடோங் ஊர்ப் பக்கம் ஒரு குன்றின் மேல் வானியல் ஆய்வுக்கூடத்தில் நிற்கிறேன். வானம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று இங்கே ஒரு கருவி பல வருடங்களாக அளந்து வருகிறது. அதன் கண்ணாடியில் தூசி. துடைக்கக் கைக்குட்டையை எடுக்கிறேன்.

“தொடாதீங்க அண்ணே!” துப்புரவு வேலை பார்க்கும் லெட்சுமி ஓடி வருகிறார். “தீபாவளிக்கு நாந்தான் பளபளன்னு தொடச்சு வச்சேன். மறுநாள் அளவுல வானம் திடீர்னு தெளிஞ்சிருச்சு! ஆபீசருங்க மண்டைய பிச்சிக்கிட்டாங்க லா.”

“அப்புறம்?”

“வேலை போனாலும் போகட்டும்னு உண்மையச் சொல்லிட்டேன். இல்லாட்டி அத்தன வருசப் பதிவும் தப்பால்ல போயிருக்கும்? அதுலேர்ந்து எழுதிட்டுத்தான் தொடைக்கணும்.”

குறிப்பேட்டைத் திறந்து தேதி, நேரம் எழுதி, என் பெயரையும் கேட்டு எழுதுகிறார். பிறகு துணியை நீட்டுகிறார்.

“இப்ப தொடைங்க.”

அப்பா பெயரும் வானத்தின் பதிவில் ஏறிவிட்டது.