தண்ணீர் கேட்டுப் பார்த்த இரண்டு பள்ளிக்கூடங்கள்

எனக்கு எண்பத்தாறு வயது நடக்கிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஆறு பேரும் படித்தவர்கள். மூத்தவளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தது நான்தான், என் வீட்டுக்காரர் இல்லை. அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அதை எழுதுகிறேன். மூத்தவளிடம் பிறகு கற்றுக்கொண்ட எழுத்து; கோணல்மாணலாக, மெதுவாகத்தான் வரும்.

வெள்ளைக்காரன் இருந்த காலம். சோழபுரத்து நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் ராஜபாளையத்துப் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் வாடகைக்குக் குடிவந்தோம். மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்றேன். "பொட்டப்பிள்ளைக்கு என்னத்துக்கு அதெல்லாம்?" என்றார் மாமியார். வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு தடவ சேப்பேன். போக மாட்டேன்னு அழுதாள்னா அதோட சரி. பொறவு வேற பள்ளிக்கூடம், அது இதுன்னு பேச்சே எடுக்கப்படாது."

ஆக, பார்க்கிற இடம் முதல் தடவையே சரியாக அமைய வேண்டும். எங்கள் பக்கத்தில் இரண்டு இருந்தன. ஒன்று, ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி நடத்தியது. மற்றது, மிஷன்காரர்களுக்காக ஒரு டீச்சரம்மா நடத்தியது. நானோ எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் கால் வைத்தவள் இல்லை. அத்தனை பிள்ளைகள் எப்படி ஓரிடத்தில் உட்காரும்? அவசரமாக வெளியே போக வேண்டுமென்றால் என்ன செய்யும்? நல்ல பள்ளிக்கூடம் என்று எதை வைத்துச் சொல்வது? யோசிக்க யோசிக்க எனக்கு உள்ளே போய்ப் பார்க்கும் ஆசைதான் கூடியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் அக்காவை வரவழைத்தேன். அவள் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள்.

"இதுக்கா ஏட்டி இம்புட்டு யோசன? மாப்பிள்ள வீடு பாக்க மாதிரிப் பாத்துட்டு வருவோம்" என்றாள்.

எங்கள் சனத்தில் பெண் கொடுக்குமுன் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வழிப்போக்கர் மாதிரி அந்த வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்பார்கள். யார் கொண்டுவருகிறார்கள், எந்தச் செம்பில், எவ்வளவு நேரத்தில், கொடுக்கிற முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச்சு.

முதலில் பெரிய மனிதர்கள் பள்ளிக்கூடம். ஓட்டுக் கட்டடம், வாசலில் வெண்கல மணி. தலைப்பாகை கட்டிய பெரிய வாத்தியார் வெளியே வந்தார்.

"ஐயா, வெயில்ல நடந்து வாரோம். கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றாள் அக்கா.

உடனே பெஞ்சு வந்தது. பளபளவென்று விளக்கிய பித்தளைச் செம்பில் தண்ணீர் வந்தது. அக்கா குடித்துவிட்டு என் காதில், "முடிஞ்சுது. இங்கனயே சேத்துரு" என்றாள்.

"செத்த இரு அக்கா. நாம விருந்தாளி. எம்மவ தெனமும்லா வரப்போறா? பிள்ளையளுக்கு எப்படிக் குடுக்காவன்னு பாப்போம்."

மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் கிணற்றடிக்கு ஓடினார்கள். அங்கே ஒரு அம்மாள் செம்பில் மொண்டு மொண்டு கைகளில் ஊற்றினாள். பெரிய பையன்கள் முண்டியடித்து முன்னால் நின்றார்கள். சில பிள்ளைகள் தள்ளி நின்றன. அவர்களுக்கு மட்டும் செம்பை உயரத் தூக்கி ஊற்றினாள். அன்றைக்கு அது எனக்கு வழக்கமாகத்தான் பட்டது. இப்போது நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. பெண்பிள்ளைகள் கடைசி. மறுபடி மணி அடித்ததும் நாலைந்து பேர் குடிக்காமலே உள்ளே போய்விட்டார்கள். என் மகள் பந்தியில்கூட இடித்துக்கொண்டு உட்காரத் தெரியாதவள். நான் எழுந்துவிட்டேன்.

அடுத்தது டீச்சரம்மா பள்ளிக்கூடம். ஓலைக் கொட்டகை. உள்ளே வாய்ப்பாடு முழங்கிக்கொண்டிருந்தது. அக்கா தண்ணீர் கேட்டாள். டீச்சரம்மா சுண்ணாம்புக்கட்டி பிடித்த கையோடு எட்டிப் பார்த்தார்.

"அந்தா வேப்பமரத்தடியில பானை இருக்கு. மொண்டு குடிங்கம்மா. எனக்குப் பாடம் ஓடுது."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாத்தியாட்டி! நம்மளையே மொண்டு குடிக்கச் சொல்லுதா! இப்படி ஒரு வீட்டுல சொல்லியிருந்தா அந்தத் தெருப்பக்கமே போவமா? யார் யார் தொட்ட பானையோ!" என்று ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டாள்.

நான் பானையடிக்குப் போனேன். மூடி மேல் ஒரு அலுமினிய டம்ளர். அந்த நேரம் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குட்டிப்பெண் எழுந்து வந்து, தானே மொண்டு குடித்து, பானையை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"ஏட்டி, டீச்சரம்மாகிட்ட கேக்க வேண்டாமா?" என்றேன்.

"தண்ணி தவிச்சா அதுக்கு என்னத்தக் கேக்க?" என்றாள், எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்பது போல.

அதே டம்ளரில் நானும் குடித்தேன். அக்கா பார்த்துவிட்டாள். ஆனால் என் மாமியாரிடம் மூச்சுவிடவில்லை. அந்த உதவியை நான் மறக்கவில்லை.

நாள் பார்த்து ஒரு புதன்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சம்பந்தம் பேசி முடித்தால் தட்டு வைக்க வேண்டாமா? வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள் எல்லாம் எடுத்துப் போய் டீச்சரம்மா முன்னால் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது என்னம்மா? நான் உங்க பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்குடுக்கப் போறேன். மருமகளா எடுக்கப்போறேன்னு யாரு சொன்னா?"

கொட்டகையே சிரித்தது. டீச்சரம்மா பழங்களைப் பிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பிறகு என் மகளிடம் குனிந்து, "இங்க இருப்பியா?" என்றார். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அதை விடுவித்து, அவளை அங்கே விட்டுவிட்டு வந்தேன்.

மாமியார் சாயங்காலம் தவறாமல் கேட்பார்: "நாளைக்குப் போவியாட்டி?" அவள் சரியென்று தலையை ஆட்டுவாள். சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம். அன்றும் கேட்டார்.

"மாட்டேன்" என்றாள். சொன்னதோடு அழவும் தொடங்கிவிட்டாள்.

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்காரர் அப்போதுதான் ஆலையிலிருந்து வந்து, தலையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டிய கை நின்றது.

"ஏம்மா, டீச்சர் அடிச்சாவளா?"

"இல்ல. நாளைக்கு ஞாயித்துக்கிழம. டீச்சர் கோயிலுக்குப் போயிருவாவளாம். பள்ளிக்கூடம் கிடையாதாம்" என்று இன்னும் பலமாக அழுதாள்.

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "நான் சொன்ன அழுகை இது இல்ல" என்றார்.

"பள்ளிக்கூடம் இல்லேன்னு அழுத பிள்ளைய இப்பத்தான் பாக்கேன்" என்று மாமியார் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போனார். திங்கட்கிழமை அவளுக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான். மற்ற ஐந்து பேரும் அவள் பின்னாலேயே அங்கே போனார்கள். 'என்னத்துக்கு' என்று யாரும் கேட்கவில்லை.

பேத்தி, இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். எழுதியதை நானே வாசிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. முதலிலிருந்து சத்தமாக வாசி, கேட்கிறேன். அவசரப்படாமல் வாசி.