சில்வர் என்றால் வெள்ளி

திருவொற்றியூரில் என்னைப் பற்றி விசாரித்தால், "அந்த அமெரிக்கா காசு அம்மாவா?" என்பார்கள். கிண்டல்தான், இருக்கட்டும். அமெரிக்காவின் ஐந்து சென்ட் காசு என்றால் எனக்குப் பைத்தியம். கேடயம் போட்டது, பெண் தலையும் ரோமன் ஐந்தும் போட்டது, செவ்விந்தியரும் காட்டெருமையும் உள்ளது, ஒரு பழைய ஜனாதிபதியும் அவர் வீடும் உள்ளது, பின்னால் வந்த படகுக் காசு எல்லாம், காசு பதிக்கக் குழி வெட்டிய என் தட்டில் உண்டு. ரோமன் ஐந்து போட்ட காசு முதலில் வந்தபோது அதில் சென்ட் என்ற சொல்லே இல்லை. தங்க முலாம் பூசி ஐந்து டாலர் என்று தள்ளிவிட்ட கில்லாடிகள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள். அதை நினைத்து நினைத்துச் சிரிப்பேன்.

ஆனால் தட்டில் ஒரு குழி காலி. இந்தக் காசை அமெரிக்கர்கள் நிக்கல் என்றுதான் கூப்பிடுகிறார்கள். உண்மையில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்குதான் நிக்கல். இரண்டாம் உலகப் போரில் அந்தக் கால் பங்கும் ராணுவத்துக்குத் தேவைப்பட்டதால், செம்போடு வெள்ளியும் மாங்கனீசும் கலந்து அடித்தார்கள். அடையாளத்துக்கு, அந்த ஜனாதிபதி வீட்டின் கூரைக் கும்மட்டத்துக்கு மேலே பெரிதாக ஓர் ஆங்கில எழுத்து. அந்தப் போர்க்காலக் காசு மட்டும் என்னிடம் இல்லை. ராயபுரத்தில் எங்கள் நாணயச் சங்கம் கண்காட்சி நடத்தும்போதெல்லாம் யாராவது காலிக் குழியில் விரலை வைத்து, "இன்னா, பல்லு வியுந்துச்சா?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் கண்காட்சிக்கு முதல் நாள், சரக்குக் கப்பலில் வேலை செய்யும் என் அண்ணன் வந்து ஒரு டப்பா ஐந்து சென்ட் காசுகளைத் தரையில் கொட்டினான். நடுவே கறுத்துப்போன ஒன்று. கும்மட்டத்துக்கு மேலே எழுத்து! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீடே எட்டிப் பார்த்தது. மீன் ஆய்ந்துகொண்டிருந்த கையெல்லாம் செதிலாக இருந்ததால் தொட மனம் வரவில்லை. "யோவ், அந்த சில்வர் காசை மட்டும் என் தட்டுல வையி. மீதி உன் இஷ்டம்" என்று கணவரிடம் சொன்னேன்.

அங்கேதான் கெட்டது காரியம். அவருக்கு வேலை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில். அவர் கடையில் சில்வர் என்றால் எவர்சில்வர்தான். கொலுசில் இருப்பது மட்டும்தான் அவருக்கு வெள்ளி.

மறுநாள் காலையில் தட்டைத் திறந்தேன். குழியில் பளபளவென்று ஒரு புதுக் காசு. கும்மட்டத்துக்கு மேலே எழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவர் வியாசர்பாடிக்குப் போயிருந்தார், கால்பந்து நடுவராக. ஃபோனை எடுக்கவில்லை. தட்டோடு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் பாட்டுக்குக் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

"இன்னா மே, மேட்ச் நடந்துகினு கீது!" என்று ஓடி வந்தார் அவர்.

"அந்தக் கறுப்புக் காசு எங்கய்யா?"

"டாஸ் போட்டேன், மண்ணுல பூந்துகிச்சு. கலீஜ் காசு, வுட்டுத் தள்ளு."

"அதான்யா சில்வர்!"

"சில்வர்னா பளபளன்னு இருக்க வேணாமா?"

"வெள்ளிய்யா! வெள்ளி!"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அத வெள்ளின்னே சொல்றதுக்கு இன்னா மே?" என்று முனகினார். ஆனால் மனுஷன் மனுஷன்தான். நீளமாக விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். இரண்டு டீமும் மைதானத்தின் நடுவே மண்டியிட்டன.

கோல்கீப்பர் ஒருவர் பழைய இரும்பு வியாபாரி. தன் வண்டியிலிருந்து பெரிய காந்தத்தைத் தூக்கி வந்து இழுத்தார். ஆணியும் சோடா மூடியும்தான் ஒட்டின. "அதுல ஒட்டாதுங்க!" என்று கத்தினேன். நிக்கல் என்று பெயர் வைத்த காசே அத்தனை செம்பு சேர்ந்ததால் காந்தத்துக்கு மசியாது. என் காசில் நிக்கலே கிடையாது.

"அப்போ சலிச்சிடுவோம்" என்றார் எதிர் டீமில் இருந்த கொத்தனார். பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து சல்லடையும் மண்வெட்டியும் வந்தன. மண்ணை அள்ள அள்ளச் சலித்தார்கள். நான் சல்லடைப் பக்கத்திலேயே குந்திக்கொண்டேன். திடீரென்று சல்லடையில் கிணுக்கென்று ஒரு சத்தம். கறுத்த, அழகான, என் காசு!

"கோல்!" என்று யாரோ கத்த, மைதானமே அலறியது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

நேரே ராயபுரம் போய் அதைக் கட்டைவிரலால் குழியில் அழுத்தினேன். தட்டு நிறைந்தது. நெஞ்சும்தான்.

மாலையில் இரண்டு டீமும் புழுதிக் காலோடு வந்து நின்றன. சங்கத்துச் செயலாளர் பதறிப்போய் பூட்ஸை வாசலிலேயே கழற்ற வைத்தார். நான் கேடயத்தில் ஆரம்பித்து, பெண் தலை, காட்டெருமை என்று ஒவ்வொன்றாகக் காட்டி, எது எதால் ஆனது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கறுத்த காசின் மேல் விரலை வைத்து வாயைத் திறப்பதற்குள், என் கணவரோடு சேர்ந்து அத்தனை பேரும் மண்டபம் அதிரக் கத்தினார்கள்:

"வெள்ளி!"