பால்கனிக் கொடி

திண்டுக்கல்லில் என் மனைவி துணியைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் உலை வைப்பாள். சோறு வடிப்பதற்குள் துணி மொடமொடவென்று காய்ந்திருக்கும். மகனின் வேலைக்காக நாங்களும் சென்னையில் கடற்கரையை ஒட்டிக் குடிபோன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சோறு வடித்த கையோடு பால்கனிக்குப் போவாள். ஈரத்தைத் தொட்டுப் பார்த்துத் திட்டுவாள்.

"காத்துலயே உப்பைக் கரைச்சு வச்சிருக்கு. மனுசன் இருப்பானா இந்த ஊர்ல?"

எனக்குக் கடல் பிடித்திருந்தது. சாயங்காலம் நடக்க அவளையும் இழுத்துப் போவேன். எல்லோரும் அலையைப் பார்த்து உட்கார, அவள் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள்.

கார்த்திகையில் ஒரு காலை, பால்கனிக் கொடியில் புடவையைப் போட்டுவிட்டு, "செத்த நேரத்துல காஞ்சுரும்" என்றாள். மத்தியானம் நெஞ்சு வலி வந்து போய்விட்டாள்.

ஊருக்குக் கொண்டுபோய்த்தான் எரித்தோம். சுடுகாட்டில் தலை முழுகிய ஈர வேட்டி, வீடு வந்து சேர்வதற்குள் என் இடுப்பிலேயே காய்ந்துவிட்டது. அந்த வெயில் மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

பால் தெளித்த மறுநாள், கருமாதிக்கு அவள் போட்டோவை எடுக்கச் சென்னை வீட்டைத் திறந்தேன். கொடியில் கிடந்த புடவையின் மடிப்பில் கையை வைத்தேன். இன்னும் காயவில்லை.