செல்லையா அண்ணாச்சியின் வெண்ணெய்ப்பழத் தோட்டம்

செல்லையா அண்ணாச்சி காலமாகிவிட்டார் என்ற செய்தி போன செவ்வாய்க்கிழமை காலை, நான் உளுந்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. பக்கத்திலிருந்த அவர் நிலத்தைத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர். தொண்ணூறுகளின் நடுவில், பசுவந்தனையில் என் புஞ்சைக்குக் கீழ்ப்புறம் நிலம் வாங்கி வெண்ணெய்ப்பழம், அதாவது அவகாடோ, வைத்தார். ஊரில் பாதிப்பேர் அந்தப் பழத்தைக் கண்ணால் கண்டதில்லை. டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து மேடு கட்டி, மேட்டுக்கு ஒன்றாக ஒட்டுக்கன்று நட்டார். வெயிலில் பட்டை வெடிக்காமலிருக்கத் தண்டுக்குச் சுண்ணாம்பு பூசினார். மரத்துக்கு வெள்ளையடித்து மாப்பிள்ளை பார்க்கப் போகிறார் என்று கேலி செய்தவர்களில் நானும் உண்டு. "இது மட்டும் காய்ச்சுட்டுன்னா ஊரே வைக்கும்ல. பருத்தியை மட்டும் நம்பிக் கெடக்க வேண்டாம்" என்பார்.

நான்காம் வருடம், பூக்கும் என்று அவர் காத்திருந்தபோது ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. மண்வெட்டியோடு புஞ்சைக்குப் போன நான், அவர் வரப்பு உடைந்து தண்ணீர் ஓடையில் பாய்வதைப் பார்த்தேன். மழைத்தண்ணீரை மட்டுமே நம்பிய எங்கள் கரிசலில் யார் வரப்பு உடைந்தாலும் பார்த்தவன் அடைத்துவிடுவான், கேட்கத் தேவையில்லை. அடைத்தேன். மிதித்து இறுக்கினேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

இரண்டு நாள் பஸ் ஓடவில்லை. மூன்றாம் நாள் அண்ணாச்சி வந்தபோது மேடுகள் மூழ்கிக் கிடந்தன.

"ஏலே, இதை அடைச்சது யாரு? தண்ணி வடியட்டும்னு நாந்தாம்லா வெட்டி விட்டிருந்தேன்! இதுக்கு வேருல தண்ணி நிக்கக் கூடாதுல்லா!"

"நான்தான் அண்ணாச்சி. உடைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

மண்வெட்டியைப் பிடுங்கினார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் வரப்பை வெட்டினார். ஆனால் கரிசல் குடித்த தண்ணீரை லேசில் விடாது. பத்து நாளில் வேர் அழுகி இலைகள் வாடித் தொங்கின.

"தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே தாகத்துல சாவுது பாருலே" என்றார். பிறகு, "நீ நல்லது நெனச்சுத்தான் செஞ்ச. உன்னை வையவும் முடியல" என்றார்.

ஒரு மரமும் தப்பவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "மண்ணு ஒத்துக்கிடல" என்று மட்டும் சொன்னார். நானும் வாயைத் திறக்கவில்லை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

துக்க வீட்டிலும் யாரோ அதையே சொன்னார்கள். அதற்குமேல் பொறுக்க முடியாமல் அண்ணாச்சியின் மனைவியான மதினியிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் தம்பி. அவிய அன்னைக்கே சொல்லிட்டாவ. உங்ககிட்ட முகம் சுளிக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாவ."

அவரை அறிந்தவர்களே, இனி மண்ணைக் குறை சொல்லாதீர்கள், அடைத்தவன் நான். இத்தனை வருடமும் அந்த வீட்டுக்குப் போனபோதெல்லாம் மதினி சிரித்த முகத்தோடு எனக்குக் காப்பி கொடுத்திருக்கிறார். அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் காப்பிதான்.